12 வருடம் பேசாமல் இருந்துவிட்டு ஜெர்மன் அம்மாவைப் பார்க்கப் போகலாமா?

கேள்வி:

நான் கரூரில் வசிக்கிறேன். 2006-ல், பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது, ரோட்டரி இளைஞர் பரிமாற்றத் திட்டத்தில் ஜெர்மனிக்குப் போய் ஒரு வருடம் இருந்தேன். முதலில் தங்கிய குடும்பத்தோடு எனக்கு ஒட்டவே இல்லை. பிறகு காசெல் நகருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருந்த இரண்டாவது குடும்பம் என்னைச் சொந்த மகள் மாதிரி வைத்துக்கொண்டது. ஊருக்குத் திரும்பிய பிறகும் மெயில், பிறந்தநாளுக்குப் போன் என்று தொடர்பில் இருந்தோம். 2013-ல் கல்யாணம், அப்புறம் குழந்தை, மாமனாரின் உடல்நிலை என்று ஆனதில் அவர்களுடைய மெயில்களுக்குப் பதில் போடாமலே விட்டுவிட்டேன். ஒரு கட்டத்தில் அவர்களும் எழுதுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

போன மாதம் ஃபேஸ்புக்கில் அந்த வீட்டு அண்ணனைக் கண்டுபிடித்தேன். ஹோஸ்ட் அப்பா 2021-லேயே காலமாகிவிட்டாராம். அம்மாவுக்கு 78 வயது, தனியாக இருக்கிறார், “மறதி கொஞ்சம் அதிகமாகிவிட்டது” என்று எழுதியிருந்தார். படித்துவிட்டு அழுதேன். இன்னும் அவருக்குப் பதில் எழுதவில்லை.

என் கணவர் வீட்டு உபயோகத் துணிகள் ஏற்றுமதி செய்கிறார். வருகிற ஜனவரியில் ஃபிராங்க்ஃபர்ட் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சிக்குப் போகிறார். பொங்கல் லீவில் நானும் 10 வயது மகளும் கூடவே போகலாம் என்று நினைக்கிறோம். சொல்லாமல் போய் வாசலில் நின்றால் அம்மா சந்தோஷத்தில் திக்குமுக்காடிப் போவார், நான்கு நாள் அங்கேயே தங்கிக்கொள்ளலாம் என்கிறார் கணவர். எனக்குப் பயமாக இருக்கிறது. என்னை அடையாளம் தெரியாமல் போனால் என்ன செய்வது? ஏன் இத்தனை வருடம் பேசவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது? விசாவுக்கு அவரிடமே அழைப்புக் கடிதம் கேட்கலாமா? போகலாமா, வேண்டாமா?

— ஒரு வாசகி, கரூர்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

போங்கள், கட்டாயம் போங்கள். ஆனால் சொல்லாமல் போய் நிற்க வேண்டாம், அந்த வீட்டில் தங்கவும் வேண்டாம். உங்கள் கணவர் நல்ல மனதோடுதான் யோசனை சொல்கிறார். என்றாலும் இந்த இரண்டில் மட்டும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அண்ணனுக்கு இன்னும் பதில் எழுதவில்லை என்கிறீர்கள். முதலில் அதைச் செய்யுங்கள். அப்பா இறந்துவிட்டார் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார், நீங்கள் ஒரு மாதமாகப் பேசாமல் இருக்கிறீர்கள். நீங்கள் அழுதது அவருக்குத் தெரியாது. 12 வருட மௌனத்தின் மேல் இன்னொரு மௌனம் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். நம் ஊரில் சாவுக்குப் போக முடியாதவர்கள் எத்தனை மாதம் கழித்தானாலும் துக்கம் விசாரிக்க அந்த வீட்டுக்குப் போய்விடுகிறார்கள் இல்லையா? அதே மனதோடு நான்கு வரி எழுதுங்கள், போதும். இரங்கலைச் சொல்லும் அந்தக் கடிதத்தில் பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். பயணத் திட்டத்தை அடுத்த கடிதத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

பரிமாற்றத் திட்டங்களில் போய்வரும் பிள்ளைகளோடும் அவர்களுடைய பெற்றோர்களோடும் வேலை செய்கிற ஆலோசகர் நான். திரும்பி வந்த பிள்ளைகள் படுகிற பாட்டைப் பற்றி நிறையப் பேசுகிறோம். பிள்ளையை வைத்திருந்த குடும்பம் என்ன பாடு படுகிறது என்று இங்கே யாரும் யோசிப்பதே இல்லை. ரோட்டரி திட்டத்தில் பிள்ளையை வைத்துக்கொள்வதற்காக அந்தக் குடும்பங்களுக்குச் சம்பளம் கிடையாது. ஒரு அறையை ஒழித்துக் கொடுத்து, பள்ளிக்கு அனுப்பி, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, சைவம் சாப்பிடுகிற பெண்ணுக்காகத் தனியாகச் சமைத்து, ஒரு நாள் விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து அனுப்பிவிட்டு வெறும் அறைக்குத் திரும்புகிறார்கள். பிறகு அந்தப் பிள்ளை பதில் போடுவதை நிறுத்தும்போது அவர்கள் முதலில் கோபப்படுவதில்லை. நாம் ஏதாவது தப்பு செய்துவிட்டோமோ என்றுதான் யோசிக்கிறார்கள். உங்கள் அம்மாவும் அப்பாவும் அப்படி யோசித்திருக்கக் கூடும். அதனால் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் விஷயம் “உங்கள் மேல் எந்தக் குறையும் இல்லை” என்பதுதான். உங்கள் குற்ற உணர்வை விரிவாகச் சொல்வது அதற்குப் பிறகுதான், அதுவும் ஒரு வரிக்கு மேல் வேண்டாம்.

நீண்ட மன்னிப்புக் கடிதம் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அதைப் படிப்பவர் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும். கணவரை இழந்து, மறதியோடு போராடிக்கொண்டிருக்கும் 78 வயதுப் பெண்மணிக்கு அந்த வேலையைக் கொடுக்கக் கூடாது. அண்ணன் சரி என்று சொன்ன பிறகு, அம்மாவுக்கு இந்த அளவில் எழுதலாம்:

“அன்பு அம்மா, 2006-ல் இந்தியாவிலிருந்து வந்து உங்கள் வீட்டு மாடி அறையில் தங்கிய பெண் நான். அப்பா போய்விட்டார் என்று அண்ணன் எழுதினார். அவர் எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். இத்தனை வருடம் நான் எழுதாதது என் தவறு, நீங்கள் இருவரும் எனக்கு நல்லதைத் தவிர வேறு எதையும் செய்யவில்லை. எனக்கு இப்போது 10 வயதில் ஒரு மகள் இருக்கிறாள். நீங்கள் சொல்லிக்கொடுத்த ஆப்பிள் கேக்கை அவளுக்குச் செய்து தருகிறேன். ஜனவரியில் ஜெர்மனிக்கு வருகிறோம். உங்களுக்குச் சௌகரியப்பட்டால், ஒரு மத்தியானம் உங்களைப் பார்க்க ஆசை.”

சைக்கிளும் ஆப்பிள் கேக்கும் நானாக எழுதியவை. அந்த இடத்தில் உங்கள் வீட்டில் நிஜமாக நடந்ததைப் போடுங்கள். நீங்கள் யார் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லப்போவது அந்த ஒரு வரிதான். ஜெர்மனிலேயே எழுதுங்கள், துருப்பிடித்த ஜெர்மனாக இருந்தாலும் பரவாயில்லை. மெயில் வேண்டாம், காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதித் தபாலில் அனுப்புங்கள். மறதி உள்ளவர்கள் கையில் பிடித்த கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முடியும். தபால் தாமதமாகலாம் என்பதால் ஒரு ஸ்கேன் பிரதியை அண்ணனுக்கும் அனுப்பிவையுங்கள். கூடவே இரண்டு போட்டோ: 2007-ல் அந்தக் குடும்பத்தோடு எடுத்தது ஒன்று, இப்போது மகளோடு நீங்கள் நிற்பது ஒன்று. பின்பக்கம் பெயரும் வருடமும் எழுதுங்கள்.

அந்த போட்டோக்கள் ஏன் முக்கியம் என்று கேட்டால், அவர் மனதில் இருப்பது 17 வயதுப் பெண். வாசலில் வந்து நிற்கப்போவது 35 வயதுப் பெண்மணி. நல்ல ஞாபகசக்தி உள்ளவர்களுக்கே அந்த இடைவெளியைத் தாண்ட இரண்டு நிமிடம் பிடிக்கும். மறதி வந்தவர்களுக்குப் பழைய நினைவுகள் பெரும்பாலும் சமீபத்தியதை விட நன்றாகத் தங்கியிருக்கும், அதனால் நீங்கள் அவர் நினைவில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த நினைவையும் எதிரில் நிற்கும் முகத்தையும் சேர்த்துப் பார்க்க அவருக்கு அவகாசம் வேண்டும்.

இதனால்தான் திடீர் விஜயம் வேண்டாம் என்கிறேன். ஜனவரியில் காசெல் பக்கம் சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். தனியாக இருக்கும் மறதிக்கார மூதாட்டி கதவைத் திறக்கிறார், இருட்டில் கனமான கோட்டு போட்ட மூன்று பேர் நிற்கிறார்கள். அந்த நேரத்தில் அவருக்கு வரப்போவது சந்தோஷம் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. யார் என்று தெரியாமல் தடுமாறினால் அவருக்கு அவமானமாக இருக்கும், உங்களுக்கும் தாங்காது. மறதி இல்லாத வீட்டிலும்கூட ஜெர்மனியில் முன்னறிவிப்பு இல்லாத விருந்தாளி சங்கடம்தான். அங்கே ஒரு வருடம் இருந்த உங்களுக்கு இது தெரியும். கணவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இரங்கல் கடிதத்துக்கு அண்ணன் பதில் எழுதியதும் அவரிடம் மனம் விட்டுச் சில விஷயங்களைக் கேளுங்கள். மறதி என்றால் எந்த அளவு, டாக்டர் பார்த்து ஏதாவது சொல்லியிருக்கிறாரா? நாளில் எந்த நேரம் அம்மா தெளிவாக இருப்பார்? அப்பா இறந்தது அவருக்கு எப்போதும் நினைவிருக்கிறதா, இல்லை சில நேரம் அவரைத் தேடுகிறாரா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். “உன் அப்பா எங்கே, கடைக்குப் போனவரை இன்னும் காணோமே” என்று அம்மா கேட்டால் அந்த வீட்டார் என்ன பதில் சொல்கிறார்களோ அதையே நீங்களும் சொல்ல வேண்டும். நீங்களாக உண்மையை உடைத்தால் அவர் அந்த மரணச் செய்தியை முதல் முறை கேட்பது போலக் கேட்பார். அப்படி ஆகிவிடக் கூடாது.

சந்திப்பு அன்று “என்னை ஞாபகம் இருக்கிறதா?” என்று கேட்காதீர்கள். எல்லோருக்கும் வாயில் முதலில் வருகிற கேள்வி அதுதான், அவருக்கோ அது பரீட்சை. கதவு திறந்ததும் உங்கள் பெயரைச் சொல்லி, “இந்தியாவிலிருந்து வந்து உங்களோடு இருந்தேனே, அந்தப் பெண்” என்று நீங்களே ஆரம்பித்துவிடுங்கள். அண்ணன் கூட இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். முதல் அரை மணி நேரம் நீங்கள் மட்டும் போங்கள், கணவரும் மகளும் அப்புறம் வரட்டும். புது முகங்கள் ஒரேயடியாக வந்தால் கவனம் சிதறும். பேச்சு நின்றுபோனால் நிற்கட்டும். அவர் சொல்வதில் வருடமோ பெயரோ தப்பாக இருந்தால் திருத்த வேண்டாம். அந்தச் சமையலறையில் நீங்கள் செய்துகொண்டிருந்த ஏதாவது ஒரு வேலை இருக்கும். தட்டு துடைப்பது, மேஜை போடுவது, எதுவாக இருந்தாலும் இப்போதும் எழுந்து அதைச் செய்யுங்கள். உங்கள் முகம் தெரியாமல் போனால்கூட, நீங்கள் அந்த மேஜையில் எந்த நாற்காலியில் உட்காருவீர்கள் என்பது அவருக்கு ஞாபகம் வரலாம்.

அப்படியும் அடையாளம் தெரியாமல் போகலாம். நீங்கள் பயப்படுவது அதற்குத்தான் என்று புரிகிறது. அப்படி ஆனாலும் அவர் எதிரில் ஒரு அன்பான பெண் உட்கார்ந்திருக்கிறாள், தன் மொழியில் பேசுகிறாள், தன் கணவரைப் பற்றி நல்லதாகச் சொல்கிறாள். யார் என்று தெரியாவிட்டாலும் அந்த நேரம் அவருக்கு இதமாகத்தான் இருக்கும். நீங்கள் போவது அதற்குத்தான். “பரவாயில்லை, மன்னித்துவிட்டேன்” என்று அவர் வாயால் கேட்க வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு போனால் ஏமாந்து போவீர்கள். அந்தப் பேச்சை அண்ணனோடு வைத்துக்கொள்ளுங்கள். “ஏன் பேசவில்லை?” என்று கேட்கும் உரிமையும் அவருக்குத்தான் அதிகம். அப்பாவின் கடைசி நாட்களில் கூட இருந்தவர் அவர்தானே. கேட்டால் கல்யாணம், குழந்தை, மாமனார் என்று பட்டியல் போடாதீர்கள். “பதில் போடாமல் நாளானது, அப்புறம் வெட்கத்தில் எழுத முடியவில்லை” என்பதுதான் உண்மை, அதைச் சொல்லுங்கள். அவருக்குப் புரியும்.

அப்பாவைப் பார்க்கவும் போங்கள். எங்கே அடக்கம் என்று அண்ணனிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் காசெல் பகுதியில் அது இரண்டு விதமாக இருக்கலாம். ஊர்க் கல்லறையில் என்றால், குளிர்காலத்தில் கல்லறை மேல் ஃபிர் மரக் கிளைகளைப் பரப்பி வைத்திருப்பார்கள். சிவப்புக் கூட்டுக்குள் எரியும் கல்லறை மெழுகுவர்த்தி சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும், ஒன்று வாங்கிப்போய் ஏற்றலாம். காட்டில் மரத்தடியில் அஸ்தியைப் புதைத்திருந்தால் கதை வேறு. ஜெர்மனியில் அந்த வகைக் காடு முதன்முதலில் 2001-ல் திறக்கப்பட்டதே காசெலுக்கு வடக்கே, ரைன்ஹார்ட்ஸ்வால்டில்தான். அங்கே விளக்கு, பூமாலை எதுவும் வைக்கக் கூடாது. மரத்தடியில் நின்று கும்பிட்டுவிட்டு வரலாம். அம்மாவையும் அழைத்துப் போவதா இல்லையா என்பதை அண்ணன் முடிவு செய்யட்டும்.

தங்குவதைப் பற்றி. வயதான, தனியாக இருக்கும், மறதி உள்ள ஒருவர் வீட்டில் மூன்று பேர் நான்கு நாள் தங்கினால் அவருடைய தினசரி ஒழுங்கு குலைந்துவிடும். அந்த ஒழுங்கைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நாளை ஓட்டிக்கொண்டிருப்பார். பக்கத்தில் ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸ் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள், தினம் இரண்டு மணி நேரம் போதும். அவர் தெளிவாக இருக்கும் நேரம் காலை என்றால் காலையில் போங்கள். மத்தியானம் என்றால் மூன்றரை மணி காப்பி கேக் நேரம் அருமையானது. கேக்கை நீங்களே பேக்கரியில் வாங்கிப் போங்கள், ஞாயிறு என்றால் மட்டும் எந்தக் கடை திறந்திருக்கும் என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். சொன்ன நேரத்துக்குப் போங்கள், சொன்ன நேரத்தில் கிளம்புங்கள். கண்காட்சி வாரத்தில் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஓட்டல் விலை எகிறிவிடும், அதனால் நீங்களும் மகளும் காசெல் பக்கம் தங்குவது செலவுக்கும் நல்லதுதான். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து காசெலுக்கு ஐசிஇ அதிவேக ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். கணவர் கண்காட்சி முடிந்து வந்து சேர்ந்துகொள்ளட்டும்.

விசா விஷயத்தில் கவனமாக இருங்கள். ஜெர்மனியில் இருப்பவர் விருந்தாளிக்குப் பொறுப்பேற்பதற்கென்று ஒரு அதிகாரபூர்வப் பத்திரம் உண்டு. அதற்கு அவர் வெளிநாட்டினர் அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும், வருமானச் சான்று காட்ட வேண்டும், 29 யூரோ கட்ட வேண்டும். உங்கள் செலவு முழுவதற்கும் சட்டப்படி தான் பொறுப்பு என்று கையெழுத்தும் போட வேண்டும். மறதி உள்ள மூதாட்டியிடம் அந்தக் கையெழுத்தைக் கேட்பது சரியல்ல. 12 வருடம் கழித்து முதலில் கேட்கும் உதவி அதுவாக இருந்தால் அண்ணனுக்கும் சந்தேகம்தான் வரும். உங்களுக்கு அது தேவையும் இல்லை. சொந்தச் செலவில் போகிறீர்கள். ஓட்டல் புக்கிங், வங்கிக் கணக்கு, கணவரின் கண்காட்சி ஆவணங்கள், குறைந்தது 30,000 யூரோ காப்பீடு ஆகியவற்றை வைத்துச் சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பியுங்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 45. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரம் வரை இழுக்காதீர்கள்.

என்ன கொண்டுபோவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கரூர்க்காரர் என்பதால் சொல்கிறேன். உங்கள் வீட்டுத் தொழிலில் நெய்த ஒரு மேஜை விரிப்பைக் கொண்டுபோங்கள். கனம் இல்லை, அந்தச் சமையலறை மேஜையில் தினமும் கண்ணில் படும். நெய், பால்கோவா, மாம்பழம், கறிவேப்பிலை எதுவும் பெட்டியில் வேண்டாம். பால் பொருளை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. பழத்துக்கும் இலைக்கும் தாவர நலச் சான்று கேட்பார்கள். விலை உயர்ந்த நகை, பட்டு என்று அடுக்காதீர்கள், அது கடனை அடைக்க வந்தது போலத் தெரியும்.

போட்டோ எடுங்கள், ஆனால் அம்மாவின் படத்தை ஃபேஸ்புக்கிலோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ போடுவதற்கு முன் அண்ணனைக் கேளுங்கள். ஒருவருடைய படத்தை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்று ஜெர்மனியில் 1907-லிருந்தே சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், நலிந்த நிலையில் இருக்கும் ஒருவரை ஊருக்குக் காட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

முதல் குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தைதான் எழுதியிருக்கிறீர்கள். போய்ப் பார்க்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. முகவரி இருந்தால் ஒரு புத்தாண்டு அட்டை அனுப்புங்கள். 16 வயதில் ஒட்டாமல் போனதற்கு யார் காரணம் என்று இப்போது கணக்குப் பார்க்க வேண்டாம்.

மகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அந்தப் பாட்டி ஒரே கேள்வியைப் பல தடவை கேட்பார், ஒவ்வொரு தடவையும் முதல் தடவை போலப் பதில் சொல்ல வேண்டும் என்று சொன்னால் 10 வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும். நான்கு ஜெர்மன் வாக்கியம் சொல்லிக்கொடுங்கள்.

கிளம்பும்போது “அடுத்த வருடமும் வருவோம்” என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடாதீர்கள். மாதம் ஒரு தபால் அட்டை உங்களால் முடியும் என்றால் அதை மட்டும் சொல்லுங்கள். அம்மா மறந்துபோனாலும் அண்ணன் ஒவ்வொரு அட்டையையும் கவனிப்பார். அம்மாவின் உடல்நிலையில் ஏதாவது மாற்றம் வந்தால் உங்களுக்குச் சொல்லச் சொல்லி அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், போன் நம்பரும் கொடுங்கள். 2021-ல் உங்களுக்குச் செய்தி வராமல் போனது போல இன்னொரு முறை ஆகக் கூடாது.

இந்த வாரமே அண்ணனுக்கு எழுதிவிடுங்கள். அம்மாவைப் பார்ப்பதற்கு அவர் சரி என்று சொன்ன பிறகு விமான டிக்கெட் போடலாம். “இப்போது வேண்டாம், அம்மாவால் முடியாது” என்று சொன்னால் வற்புறுத்தாதீர்கள். அந்த நிலையில் அப்பாவின் கல்லறைக்கு மட்டும் போய்விட்டு, அண்ணனோடு ஒரு காப்பி குடித்துவிட்டு வாருங்கள், அம்மாவுக்கான கடிதத்தையும் மேஜை விரிப்பையும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.